ராணி இருக்கும் வீடு

பெட்டியின் சத்தம் மாறியிருந்தது.

மொட்டை மாடிக்குப் போகும் இரும்புப் படிக்கட்டின் பாதியிலேயே, கையில் டீக் கோப்பையோடு, அவன் அதைக் கேட்டுவிட்டான். எட்டு மாதமாகப் பழகிய சத்தம் அது. பல் தேய்க்கும்போதும் துணி காயப்போடும்போதும், ஃபிரிட்ஜ் ஓடுவதுபோலக் காதில் விழுந்தும் விழாமலும் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிற ஒரே சீரான ரீங்காரம். இன்றைக்கு அதில் சீர் இல்லை. மெல்ல ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, பெருமூச்சாக இறங்கி, மறுபடி அடியிலிருந்து தொடங்கியது. ஆயிரக்கணக்கான பூச்சிகள் சேர்ந்து முனகினால் எப்படியிருக்கும் என்று அவன் அதுவரை யோசித்ததில்லை.

மனைவி ஏற்கெனவே மேலே இருந்தாள். பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, வாசல் துளையில் குழம்பித் திரியும் தேனீக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கேளுங்களேன். அழுவுற மாதிரி இல்ல?"

"குளிரா இருக்கும்," என்றான்.

ஏழரை மணி வெயில் அதற்குள் முதுகைச் சுட ஆரம்பித்திருந்தது. தான் உளறியது அவனுக்கே புரிந்தது. அவள் சிரிக்கவில்லை.

"ராணி செத்துட்டா இப்படித்தான் சத்தம் வரும்னு தேனீக்காரர் சொல்லியிருக்காரு. வியாழக்கிழமை நான்தான் அவசர அவசரமாத் தொறந்து பாத்தேன். தேனடைச் சட்டத்தத் திருப்பி வைக்கும்போது நசுக்கித் தொலைச்சிட்டேனோ என்னவோ."

அவன் டீயைக் குடித்தான். ஆறிப்போயிருந்தது. ராணி எப்போது செத்தது, யார் கையால் செத்தது என்பது அந்த மாடியில் ஒருவனுக்குத் தெரியும். அந்த ஒருவன் கோப்பையைக் கழுவி வைக்கிறேன் என்று கீழே இறங்கினான்.

தேனீ வளர்க்கும் யோசனை அவனுடையதுதான், அதில் சந்தேகமே வேண்டாம். உலகத்தைக் காப்பாற்றும் யோசனைகள் எல்லாமே அந்த வீட்டில் அவனுடையவை. துணிப்பை அவன் யோசனை, துவைப்பது அவள். காய்கறிக் கழிவை உரமாக்குவது அவன் யோசனை. புழு நெளியும் வாளியைக் கிளறுவது அவள். பூச்சிக்கொல்லி அடித்தே பூக்களை மலடாக்கிவிட்டோம், வீட்டுக்கு ஒரு பெட்டி வைத்தால் தெருவே தழைக்கும் என்று ஒரு மாதம் பேசிப் பேசி, தேனீக்காரர் என்று எல்லோரும் கூப்பிடும் பயிற்சியாளரிடம் சொல்லி அவன்தான் பெட்டியை வரவழைத்தான். வந்த முதல் வாரமே ஒரு தேனீ இமையில் கொட்டி, ஒரு பக்க முகம் பூசணிக்காயாக வீங்கியது. அன்றோடு சரி. அப்புறம் கம்பிவலைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு ஆலோசனை சொல்வதோடு நிறுத்திக்கொண்டான்.

அவள் பல் மருத்துவரிடம் உதவியாளர். பயந்து நடுங்குகிறவர்களின் வாயைத் திறக்கவைத்துப் பழகிய கை. புகை போடுவதும், சட்டங்களை ஒவ்வொன்றாக உருவி அடையைப் பார்ப்பதும், எறும்பு ஏறாமல் பெட்டியின் கால்களுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பதும் அவளே கற்றுக்கொண்டாள். ஆயிரம் தேனீக்களுக்கு நடுவில் சட்டென்று தெரிய வேண்டும் என்று ராணியின் முதுகில் வெள்ளை நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருந்ததும் அவள்தான்.

அலுவலகத்தில் மட்டும் கதை வேறு. அங்கே "நான் வளக்குறேன்", "என் கை பட்டா அதுங்க கொட்டாது" என்றெல்லாம் அளந்து வைத்திருந்தான். தேன் சார் என்று பட்டப்பெயரே விழுந்துவிட்டது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் உள்ளே எங்கோ கூசும். ஆனாலும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான்.

சனிக்கிழமை அலுவலகப் பத்திரிகைக்குப் படம் எடுக்க ஒரு புகைப்படக்காரர் வந்தார். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். இது என் மனைவி பார்க்கிற வேலை, அவள் இருக்கும்போது வாருங்கள் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. அவன் அவளுடைய வெள்ளை மேலங்கியை இழுத்து மாட்டிக்கொண்டு, தோள்பட்டை தெறிக்க, பெட்டியைத் திறந்தான். உருவிய சட்டம் நழுவப் பார்த்தது. பதறிப்போய் வலது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தான்.

விரலுக்கடியில் ஏதோ மெத்தென்று நசுங்கியது. மற்றவற்றைவிட நீளமான உடம்பு. ஓரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி.

"சிரிங்க சார்," என்றார் புகைப்படக்காரர். அவன் சிரித்தான்.

அவர் போனபின் அதைக் காகிதத்தில் மடித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினான். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினான். சாயங்காலம் அவள் வந்து, "எப்படிப் போச்சு?" என்று கேட்டபோது, "நல்லாப் போச்சு, பெட்டியத் தொறக்கல," என்றான். சொல்லியிருந்தால் அவள் திட்டியிருப்பாள், அழுதிருப்பாள், ராத்திரிக்குள் ஆறியிருப்பாள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஒரு நாள் விட்டது இரண்டு நாளாகி, இப்போது அவளே பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டபின், அந்த ஒற்றை வாக்கியம் தொண்டையைத் தாண்ட மறுத்தது.

திங்கட்கிழமை மாலை, அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து மாடிக்குப் போனான். முனகல் இன்னும் அடங்கவில்லை. ஏனோ பயம் விட்டுப்போயிருந்தது. குனிந்து, வாசல் துளைக்குப் பக்கத்தில் கையை வைத்து, "மன்னிச்சிருங்க, நான்தான்," என்று மெல்லச் சொன்னான். கட்டிய பெண்டாட்டியிடம் வராத சொல், பூச்சிகளிடம் தடங்கலில்லாமல் வந்தது.

ஒரு தேனீ வெளியே வந்தது. கட்டைவிரல் மேல் ஏறி, உணர்கொம்புகளால் நகத்தைத் தட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. பிறகு பத்து. கொட்டவில்லை. விரலைச் சுற்றி வட்டமாக, தலையெல்லாம் உள்பக்கம் பார்க்க, நின்றன.

முனகல் நின்றுவிட்டது.

மறுநாள் காலை பழைய ரீங்காரம் திரும்பியிருந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா, ராணி இருக்கு! நான் ஒண்ணும் பண்ணல!" என்று படிக்கட்டிலிருந்தே கத்தினாள்.

புதன்கிழமை தேனீக்காரர் வந்தார். நரைத்த மீசை, எதற்கும் அவசரப்படாத மனிதர். எட்டுச் சட்டங்களையும் இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெற்றியைச் சொறிந்தார்.

"ராணியக் காணோம்மா. புதுசா முட்டையும் இல்ல."

"ஆனா சத்தம் சரியாயிடுச்சே?"

"அதான் எனக்கும் புரியல. ராணி செத்தா, அதோட வாசனை இல்லாம அதுங்களுக்கு உடனே தெரிஞ்சிடும். இருக்குற புழுவுல ஒண்ண எடுத்து, தனியா அறை கட்டி, புது ராணி வளக்க ஆரம்பிச்சிடும். இங்க இளம் புழு நெறைய இருக்கு. ஒரு அறைகூடக் கட்டல." பெட்டியை மூடினார். "அப்படீன்னா ராணி இருக்குன்னு நெனச்சிட்டிருக்குங்க. இங்கதான் எங்கயோ இருக்கு."

சொல்லிவிட்டு மாடியைச் சுற்றிப் பார்த்தார். அவர் பார்வை அவன் கையில் வந்து நின்றது. அவன் குனிந்து பார்த்தான். கட்டைவிரலில் இரண்டு தேனீக்கள் உட்கார்ந்திருந்தன. எப்போது வந்தன என்று தெரியவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

தேனீக்காரர் சின்னக் கம்பிக்கூண்டில் ஒரு புது ராணியை வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அவள் திறந்தபோது கூண்டின் மேல் ஒரு எலுமிச்சை அளவுக்குத் தேனீக்கள் பந்தாகத் திரண்டு, ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, அசையாமல் அதிர்ந்துகொண்டிருந்தன. அவள் விரலால் விலக்கினாள். உள்ளே புது ராணி செத்துக் கிடந்தது. கம்பி தொட முடியாதபடி சுட்டது.

"சூடு வச்சே கொன்னிருக்குங்க," என்றாள். "வேற ராணி இருந்தாத்தான் இப்படிச் செய்யும்."

முகத்தில் ஈயாடவில்லை என்பார்கள். அவன் முகத்தில் அந்த நேரம் மூன்று ஆடிக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு அவை அவனை விடவில்லை. வாசல் கேட்டில் நாலைந்து காத்திருந்தன. பேருந்தின் ஜன்னல் கம்பியில் பக்கத்திலேயே வந்தன. ஒன்பதாவது மாடியில் இருக்கும் அவன் மேஜைக்கு நேராக, கண்ணாடிக்கு வெளியே, கைப்பிடி அளவு தேனீக்கள் தலையை அவன் பக்கம் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தன. அலுவலகமே கூடிக் கைதட்டியது. "தேன் சாரத் தேடி ஆபீஸுக்கே வந்துருச்சுப்பா!" அன்றுதான் பத்திரிகையும் வந்தது. அட்டையில் அவன், பல்லெல்லாம் தெரிய. 'தேனீக்களின் காவலர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். சட்டத்தின் ஓரத்தில் கட்டைவிரல் நன்றாக அழுந்தியிருந்தது. ஆளாளுக்கு வந்து கைகுலுக்கினார்கள். அந்தக் கையைக் கொடுக்கக் கொடுக்க, அவனுக்கு நாற்காலியோடு தரைக்குள் போய்விடலாம்போல இருந்தது.

விரலை எலுமிச்சைத் தோலால் தேய்த்தான். மண்ணெண்ணெயில் ஊறவைத்தான். உப்புத்தாள் போட்டுத் தோல் உரியும்வரை தேய்த்தான். உரிந்த இடத்தில் ஒரு தேனீ வந்து உட்கார்ந்து, நாக்கை நீட்டி, ஒரு துளி எதையோ வைத்தது. மருந்து போடுகிறதா, ஊட்டுகிறதா என்று தெரியவில்லை. இரண்டில் எது மோசம் என்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். "எட்டு மாசம் பாத்துப் பாத்து வளத்தேங்க. தேடித் தேடிப் பாத்துட்டேன், ராணியக் காணோம். என் கையாலயே கெடுத்துட்டேன்." அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. வராததுபோல விழுங்கினான். சொல்வதற்குப் பதிலாகக் கையை நீட்டி, கட்டைவிரலால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டான்.

விரலில் இருந்த தேனீக்கள் ஒரு கணம் தயங்கின. பிறகு இரண்டு மட்டும் அவள் கன்னத்துக்கு மாறின.

அதை அவன் பார்த்தான். பார்த்ததைப் புரிந்துகொண்டான். முதலில் வந்தது பயம் இல்லை. நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்துத்தான் பிற்பாடு அவன் சாகும்வரை வெட்கப்பட வேண்டியிருந்தது.

மறுநாள் காலை கிளம்பும்போது அவள் நெற்றியில் விரலை வைத்து வருடினான். அதற்கு மறுநாள் கழுத்தில். தினமும், ஒரு நாள் விடாமல், அழுத்தித் தேய்த்தான். பல வருஷமாகத் தொட்டுப் பேசாத புருஷன் திடீரென்று இப்படிக் குழைந்ததில் அவள் முகம் மலர்ந்துபோனது. "என்னங்க புதுசா," என்று வெட்கப்பட்டுக்கொண்டே தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். அவள் அப்படிச் சாய்த்துக் கொடுத்தது இருக்கிறதே, அதை மட்டும் அவனால் பார்க்க முடிந்ததில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே தேய்ப்பான்.

பத்தே நாளில் அவன் விரலை ஒரு தேனீயும் சீண்டவில்லை.

அவள் பகலில் தூங்க ஆரம்பித்தாள். பசிக்கவில்லை என்றாள். அறைக்குள் நாலு தேனீ, பிறகு நாற்பது. ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். அறை அடுப்பாகக் காந்தியது. மெழுகும் வெந்த தேனும் கலந்த வாடை ஹால்வரை வந்து தொண்டையில் படிந்தது. புழுக்கமாக இருக்கிறது என்று சாக்குச் சொல்லி அவன் ஹால் சோபாவுக்கு மாறிவிட்டான். காலையில் கிளம்பும்போது மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "வரேன்," என்பான். உள்ளேயிருந்து, "ம்," என்று வரும். ஒரு நாள் அந்த "ம்" நீளமாக வந்தது. அவன் செருப்பு மாட்டி, கதவைச் சாத்தி, தெருவில் இறங்கி நடக்கும்வரை அது முடியவில்லை.

வியாழக்கிழமை மூன்று மணிக்குப் பல் மருத்துவர் போன் செய்தார்.

"சார், அவங்க நாலு நாளா வரல. போனும் எடுக்கல. ஒடம்பு சரியில்லையா?"

நாலு நாள். ஒரே வீட்டில் இருக்கிறவனுக்கு அது தெரியாது என்று எப்படிச் சொல்வது?

"லேசா காய்ச்சல் டாக்டர்," என்றான். பூசி மெழுகுவது இப்போதெல்லாம் யோசிக்காமலே வந்தது.

வீடு வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கவில்லை. தெருவில் யாரோ வண்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு டிவி பாடியது. மாடியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஏறிப் பார்த்தான். பெட்டி காலி. அடையில் ஒரு தேனீ இல்லை, ஒரு துளித் தேன் இல்லை.

கீழே வந்தான். படுக்கையறைக் கதவின் கைப்பிடி சூடாக இருந்தது. கதவுக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி இல்லை. மஞ்சளாக, வழவழப்பாக, நகம் இறங்கும் மென்மையில், சுற்றிலும் அடைத்திருந்தது. தள்ளினான். ஈரத் துணி கிழிகிற சத்தத்தோடு திறந்தது.

ஜன்னல் தெரியவில்லை. அது இருந்த இடத்தில் மெழுகு. அதன் வழியே வெயில் மஞ்சளாகக் கசிந்து அறை முழுக்க நின்றது. சுவரெல்லாம் தேனீ. கூரையெல்லாம் தேனீ. ஒன்றுகூடப் பறக்கவில்லை. எல்லாத் தலையும் கட்டிலைப் பார்த்திருந்தன.

அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தபடியே அவள் தலை ஜன்னல் வெளிச்சத்தின் மேல்விளிம்பைத் தொட்டது. இடுப்புக்குக் கீழே போர்வை வெகுதூரம் போனது. உதட்டோரம் வரிசையாகத் தேனீக்கள். ஒன்று துளி வைத்துவிட்டு நகரும். அடுத்தது வரும். தொண்டை ஏறி இறங்கியது.

"வந்துட்டீங்களா," என்றாள். அவள் குரல்தான். அதே பிரியம்.

அவன் கதவின் கைப்பிடியை விடாமல் நின்றான்.

"எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?"

ரீங்காரம் நின்றது. மொத்தமாக. ஒரு சிறகுகூட அசையவில்லை. அறை முழுவதும் அவன் வாயைப் பார்த்தது.

நான்தான் கொன்னேன். அவ்வளவுதான். மூச்சு இழுத்தான். உதட்டைப் பிரித்தான். அதைச் சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டுமே. கன்னம். நெற்றி. கழுத்து. பாசம் என்று நினைத்து அவள் சாய்த்துக் கொடுத்த ஒவ்வொரு காலையும். அதை எந்த வாயால் சொல்வது?

"ஒண்ணுமில்ல."

அவள் தலையாட்டினாள். கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பான். மெல்ல நகர்ந்து, கட்டிலில் அவனுக்கு இடம் விட்டாள்.

அவன் படுக்கும் பக்கம் படுக்கை இல்லை. மெழுகில் ஒரு பள்ளம் கட்டியிருந்தது. ஆள் நீளம். அவன் நீளம். அவன் ஒருக்களித்து, முழங்காலை மடித்துத் தூங்குவான்; முழங்காலுக்கு மடிப்பு இருந்தது. கன்னத்துக்கடியில் கை வைப்பான்; கைக்குக் குழி இருந்தது. உள்ளே சுத்தமாக, பளபளப்பாக, நக்கித் துடைத்திருந்தது.

"படுத்துக்கோங்க. களச்சுப்போயிருப்பீங்க."

பின்னால் கதவு திறந்துதான் இருந்தது. வழியில் ஒரு தேனீ இல்லை. போகலாம். யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் எதற்குப் போகிறான் என்று அவள் கேட்பாள்.

சொல்வதைவிடப் படுப்பது சுலபமாக இருந்தது.

அளவு கச்சிதம். இதமான சூடு. கால் பக்கத்திலிருந்து தேனீக்கள் மெழுகால் மூட ஆரம்பித்தன. முழங்காலுக்கு வந்தபோது அவள் குனிந்து, "ஏதாச்சும் சொல்லணுமா?" என்றாள். தலையசைத்தான். இடுப்புக்கு வந்தபோது மறுபடி கேட்டாள். மார்புக்கு வந்தபோதும். கழுத்து. தாடை. ஒவ்வொரு தடவையும் அதே பொறுமை. ஒவ்வொரு தடவையும் அவன் இல்லை என்றான்.

கடைசித் துளை மூடியது. எங்கும் மஞ்சள். பிறகு அவன் வாய்க்கு நேர் மேலே, மெழுகின் அந்தப் பக்கம், ஒரு நிழல் இறங்கி ஒட்டிக்கொண்டது. அவள் காது. அசையாமல், அவசரமில்லாமல், காத்துக்கொண்டிருந்தது.